கரடி கேசட்

லிஃப்டுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் அர்த்தநாரி தன் மனைவி சம்பூரணத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தார். ஈரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாவது மாடி. ஸ்கேன் எடுக்கக் கீழே கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு நர்ஸ் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். லிஃப்ட் வரவில்லை. சம்பூரணம் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் மூக்காலேயே எதையோ முனகிக்கொண்டிருந்தாள். எதையோ என்ன, டிவி கேமில் வருகிற அந்தக் கரடி மெட்டைத்தான். தான் முனகுவது அவளுக்கே தெரியாது. வெங்காயம் உரிக்கும்போதும் கொடியில் துணி போடும்போதும் அப்படித்தான், ஓரிரண்டு வரிக்குள் ஏதாவது பேச நிறுத்திவிடுவாள். நடுவில் நிறுத்தி, "ஏனுங், கேஸை மூடிட்டுத்தான வந்தீங்?" என்று கேட்டாள். "மூடிட்டேன்" என்றார். மூடினாரா என்று அவருக்கு ஞாபகமில்லை. கதவு திறந்ததும் நர்ஸ் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக உள்ளே இழுத்தாள், அதனால் சம்பூரணத்தின் முகம் வெளியே அவர் நின்ற பக்கம் பார்த்து இருந்தது, ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை, கதவுக்கு மேலே எரிகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி முனக ஆரம்பித்திருந்தாள். கதவு சாத்திக்கொண்டது. ஸ்கேன் அறை வாசலிலேயே முடிந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். எல்லாம் ஆகி வீட்டுக்கு வந்து அடுப்படிக்குள் போனபோது கேஸ் மூடித்தான் இருந்தது. அதைச் சொல்வதற்கு ஆளில்லை.

இப்போது மதியச் சாப்பாடு ஆகித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூரியரில் வந்த பெட்டியைக் கூடத்தில் பிரித்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் சுகந்தி ஓசூரிலிருந்து போட்டுவிட்டது. "அப்பா, பழசு மாதிரியே டிவி கேம் வந்திருக்குதுங்ப்பா, நம்ம கரடியும் இருக்குதுன்னு போட்டிருக்கான்" என்று போனில் சொன்னபோது வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் வேண்டாம் என்ற குரலை அவரே கேட்டார், வேண்டும் என்கிறவனின் குரலாக இருந்தது. பெட்டிமேல் பழைய டிவி கேமின் படம், அதே வெள்ளை, அதே சிவப்புக் கோடு. கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லை. சோப்பு டப்பா. பழசை ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு சொல்லும், இதைத் தூக்கியது கைக்கே தெரியவில்லை, ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ ஒன்று கழன்று கிடந்து கலகலத்தது. கேசட் போடுகிற வாய் இருந்தது, மூடி திறந்தது, உள்ளே விரலை விட்டால் வழவழவென்று வெறும் பிளாஸ்டிக். வாயை வரைந்துவைத்திருக்கிறான். அதில் கேசட் போடவே முடியாது, எல்லா ஆட்டமும் உள்ளேயே இருக்கிறதாம். அப்படியானால் ஊத வேண்டியதில்லை. சம்பூரணம் கேசட்டை எடுத்து முந்தானையால் துடைத்து, வாயருகே வைத்து, புல்லாங்குழல்காரன்போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஊதிக்கொண்டே போவாள், ஊதிவிட்டு ஒருதரம் உற்றுப் பார்ப்பாள், பிறகுதான் உள்ளே அழுத்துவாள். ஊதாமல் போட்டாலும் ஓடும் என்று அவர் ஒருநாள் போட்டுக் காட்டினார். ஓடவில்லை. அவள் ஊதிப் போட்டாள், ஓடியது. அன்று அவள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அந்தப் பார்வையை இப்போது நினைத்தால் வருகிறது, கண் வருகிறது, புருவம் வருகிறது, அதற்குக் கீழே மூக்கும் வாயும் வர மாட்டேனென்கிறது, அதற்குச் சுவரில் இருக்கிற போட்டோவைப் பார்க்க வேண்டியிருக்கிறது, போட்டோவில் இருக்கிறவளோ ரேஷன் கார்டுக்காக ஸ்டுடியோவில் முறைத்துக்கொண்டிருக்கிறவள்.

ஒயரை டிவியில் செருகினார். பழைய டிவியில் ஆண்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதைச் செருக வேண்டும், சேனலைத் திருகித் திருகிப் புள்ளி மழைக்குள்ளே கரடி எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும், ஒருத்தர் திருகி ஒருத்தர் "இன்னுஞ் சித்தெ, இன்னுஞ் சித்தெ, போயிருச்சு, பின்னால வாங்" என்று சொல்ல வேண்டும். இது செருகின உடனே வந்தது. கண்ணாடிபோல வந்தது. வரிசையாக ஆட்டங்களின் பெயர், கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது, வாக்காளர் பட்டியல் மாதிரி. கொஞ்சதூரம் போனதும் முன்னால் பார்த்த பெயரே வேறு எழுத்தில் வந்தது. இதையும் நகல் எடுத்திருக்கிறான், பழைய கேசட்டிலும் ஆயிரம் ஆட்டம் என்று மேலே ஒட்டியிருக்கும், உள்ளே பத்தையே திருப்பித் திருப்பி வைத்திருப்பான். ஏமாற்றுவதை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பி அடுப்படி வாசலைப் பார்த்தார். அங்கே துடைப்பம் சாய்ந்திருந்தது. முதலில் பழைய டிவி கேமைச் சுகந்திக்குத்தான் வாங்கினார், பள்ளிக்கூடத்து லீவுக்கு. அப்போது அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், ராத்திரி வண்டி, போய்விட்டு விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். சுகந்தி நாலு நாள் ஆடினாள், அதோடு சலித்துவிட்டது. மூலையில் கிடந்ததை ஒருநாள் சம்பூரணம் எடுத்தாள். தூசி துடைக்கத்தான் எடுத்தாளோ என்னவோ. பிறகு தினமும் மதியம் சாப்பாடு ஆனதும் பாயை விரித்து, சேலையை இழுத்துச் செருகி, காலை நீட்டி, ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்துவீட்டுப் பாவாயக்கா மாவு இரவல் வாங்க வந்து நிலைப்படியில் நின்று, "ஏஞ்சம்பூரணம், ஊட்டுக்காரரு பஸ்ஸோட்டறாரு, நீ கரடியோட்டறயாக்கு?" என்பாள். "அவரு ஓட்டறதுக்குச் சம்பளம் தாராங்க்கா, எனக்குத் தேனு" என்பாள் இவள், கண்ணை எடுக்காமல். பாவாயக்கா மாவை மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கரடி தண்ணீரில் விழுந்தால் பாவாயக்காதான் "அய்யோ சாமி" என்று நெஞ்சில் கைவைப்பாளாம், அவர் வீட்டில் இல்லாத நாளில் நடந்ததைச் சம்பூரணம் பிற்பாடு சொல்லுவாள்.

கரடி அகப்பட்டது. பட்டியலின் அடியில் கிடந்தது, ஏதோ ஒரு பெயரில். பொத்தானை அழுத்தினார். நீல ஆகாசம், பாறை, பாறை, நடுவில் தண்ணீர், மேலே தொங்குகிற தேன்கூடு. கரடி வந்து நின்றது. அதுதான், சந்தேகமே இல்லை, ஒரு காது மட்டும் மடங்கின அதே கரடி. பிறகு பாட்டு வந்தது. வந்ததும் அவர் முதுகை நிமிர்த்தினார். வேறு ஏதோ பாட்டு என்றுதான் நினைத்தார். இல்லை, அதே பாட்டுத்தான், ஆனால் யாரோ துரத்துகிற மாதிரி ஓடியது, கீச்சுக்குரலில், மூச்சு விடாமல், ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரி அதன் குதிங்காலை மிதித்துக்கொண்டு. சம்பூரணத்திடம் இருந்தபோது அது நடந்துதான் போகும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவசரமில்லாமல் வீட்டுக்கு நடக்கிற மாதிரி, நடுவில் ஓரிடத்தில் நின்று செருப்பைச் சரிசெய்துகொள்கிற மாதிரி. டிவியின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார், வேகம் குறையவில்லை. சரி ஆடுவோம் என்று பொத்தானை அமுக்கினால் கரடி யோசித்துவிட்டுத் தாண்டியது. அமுக்கும்போது கரை ஓரம் நிற்கிறது, தாண்டும்போது கரை முடிந்துவிட்டது, தண்ணீரில் விழுந்தது. மறுபடி. மறுபடி தண்ணீர். பிரேக்கை மிதித்தால் சற்றுப் பொறுத்துப் பிடிக்கிற வண்டி அவருக்குத் தெரியும், அப்படி ஒரு வண்டியைப் பவானிவரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய்க் கடவுளுக்கு நன்றி சொல்லி இறங்கியிருக்கிறார், ஆனால் வண்டியில் அது வண்டியின் கோளாறு என்று பாதத்துக்குத் தெரிந்துவிடும். இது யாருடைய கோளாறு. கட்டைவிரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசாக நடுங்கியது. எப்போதும் இவ்வளவு நடுங்குமா, இல்லை பார்ப்பதால் நடுங்குகிறதா. போனமாதம் சட்டைப் பொத்தானைப் போட நேரமானது. டம்ளர் ஒன்று கைநழுவியது. அவருடைய பெரியப்பா ஒருத்தர் கடைசிக் காலத்தில் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைச் சிந்திவிடுவார், பெரியம்மா குனிந்து பொறுக்குவாள். பொறுக்குவதற்கு இங்கே யார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, சம்பூரணம் முனகுவதை நினைத்துப் பார்ப்போம், ஒத்துப் பார்ப்போம் என்றுதான் நினைத்தார். அப்போதுதான் அது நடந்தது. வரவில்லை. அவள் முனகல் வர வேண்டிய இடத்தில் இந்தக் கீச்சுப் பாட்டு வந்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, மறுபடி மூடி, பாயை நினைத்து, செருகின சேலையை நினைத்து, பீங்கான் ஜாடிமேல் விழுகிற வெயிலை நினைத்து, பக்கத்தில் கிட்டத்தில் எல்லாம் போய் நின்றுகொண்டு காத்திருந்தார், பிடிக்கப்போகிற கோழிக்குத் தெரியாமல் நிற்கிற மாதிரி. வந்தது கீச்சுப் பாட்டு. இத்தனை வருஷம் கூப்பிட்டால் வந்தது. அவள் குரலென்று அவரிடம் வேறு ஒன்றுமில்லை. செத்துப்போகிறபோது வீட்டில் செல்போன் இருந்தது, பேச மட்டும் செய்கிற போன், பிடித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. சுகந்தி கல்யாணத்து வீடியோவில் சம்பூரணம் வருகிறாள், பந்தியில் யாரையோ கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறாள், வாய் அசைகிறது, நிறைய நேரம் அசைகிறது, வீடியோக்காரன் அதன்மேல் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாட்டுப் போட்டு ஒட்டிவிட்டான். அவனிடமே போய்க் கேட்டார், பாட்டுக்கு அடியில் பேச்சு இருக்குமா தம்பி, அந்தப் பாட்டை மட்டும் உரித்தெடுக்க முடியுமா என்று. "அது அப்பவே அழிச்சாச்சுங்க" என்றான் அவன், ஏதோ நல்லது செய்த மாதிரி. சேலைகளைக் கொடுத்தாயிற்று. தலையணையில் கொஞ்சநாள் எண்ணெய் வாசம் இருந்தது, அதுவும் ஒரு மழைக்காலத்தில் பூசண வாசமாகிவிட்டது. இந்த முனகல் ஒன்று இருந்தது. யாரும் வந்து கேட்காதது, யாருக்கும் கொடுக்க முடியாதது, பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், டாக்டர் வீட்டுப் பெஞ்சியில், சாமி கும்பிட வரிசையில், உள்ளே எடுத்து ஓடவிட்டுக்கொள்வது. அதை மறுபடி வெளியே காதால் கேட்கலாம் என்று ஆசைப்பட்டு இந்த டப்பாவைச் செருகினார், இது போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. வீடியோக்காரன் செய்ததை அவரே செய்துகொண்டார். ஒயரைப் பிடுங்கினார். டிவி இருண்டது. தலைக்குள் ஓடுவது நிற்கவில்லை.

முகம் கழுவினார். மோர் குடித்தார். வேறு ஏதாவது நினைக்க வேண்டும். ஆயுத பூஜை நினைப்பு வந்தது. பஸ் டிப்போவில் பூஜை முடித்துப் பொரியும் கடலையுமாக வீட்டுக்கு வந்தால், இங்கே அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் பக்கத்தில் டிவி கேமும் உட்கார்ந்திருக்கிறது, நெற்றி நிறைய சந்தனம் குங்குமத்தோடு. "இதும் நாம பொழங்கறதுதானுங்" என்றாள். கேசட்டுக்கும் வைத்திருந்தாள், அதுவும் எங்கே, அந்தக் கேசட்டின் வாயில், தகட்டுப் பல்வரிசைமேல், தாராளமாக. மறுநாள் கரடி வரவில்லை. ஊதினாள், வரவில்லை. மதியச் சாப்பாடு சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு, "சாமிக்கு வச்சது தப்பாங்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் பிளேடால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். வந்துவிட்டது கரடி. வந்ததும் அவள், என்ன செய்தாள், முனகினாள், முனகினாளே. வந்தது கீச்சுப் பாட்டு. அவருக்குக் கோபம் வந்தது, அந்த டப்பாவைச் செய்தவன்மேல், வாங்கி அனுப்பின மகள்மேல், வயசானகாலத்தில் ஆசைப்பட்ட தன்மேல், பிறகு கோபமும் சலித்துப்போய்ச் சுகந்திக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்ப்பா, கரடி ஆடுனீங்ளா?" அவள் எங்கோ சந்தையில் இருந்தாள், பின்னால் தக்காளி தக்காளி என்று ஒருத்தன் கத்தினான். "இது அது இல்ல அம்மிணி. பாட்டு பறக்குது. அமுக்குனா ஒடனே தாண்ட மாட்டீங்குது." "அய்யோ ஆமாங்ப்பா, வாங்குனவீங்க எல்லாரும் அதையேதான் எழுதியிருக்காங்க, நாந்தான் அனுப்புனதுக்கப்புறம் படிச்சேன். அமுக்கறது தாமசமாத்தான் போய்ச் சேருதாம். பாட்டும் அப்படித்தான், நம்மகிட்ட இருந்த பழசே டூப்ளிகேட்டுதானுங், அது கொஞ்சம் மெதுவா ஓடுமாமா." கை இல்லை அப்படியானால், கை சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு மூலையில் ஆறுதல் எட்டிப் பார்த்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. "அம்மா முனகுவாளே, அது உனக்கு ஞாபகமிருக்குதா. ஒருக்கா முனகிக் காட்டு சாமி." "எது?" "அந்தக் கரடிப் பாட்டு." "அம்மாவா? அம்மா கரடியத் திட்டுறதுதானுங் எனக்கு ஞாபகம். அட கெரகமே, தாண்டித் தொலையேண்டா, உனக்கு ஆக்கிப்போட்டவ கைய ஒடைக்கோணும்..." என்று சந்தையில் நின்றபடி சத்தமாகவே சொல்லிச் சிரித்தாள், தக்காளிக்காரன்கூட ஒருகணம் நிறுத்திவிட்டான். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "திட்டுவாளா? நான் கேட்டதே இல்லையே." "நீங்க இருக்கறப்ப எப்படித் திட்டுவாங்க? நீங்கதான் ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்து உள்ளறையில தூங்கறீங்களே. டிவி சத்தத்த முச்சூடும் அணைச்சிருவாங்க. பாவாயக்காகூட வாயத் தொறக்கக் கூடாது. சத்தமில்லாம ஆடறதுக்கு நல்லாருக்காதில்லீங், அப்ப வேணா வாய்க்குள்ளயே பாடிக்குவாங்க. ஆமா, பாடுவாங்க. அது எனக்கு வரலீங்ப்பா. ஏனுங், என்னாச்சு, அழுவறீங்ளா?" "அழுவுல. மோர் குடிச்சேன்." "அதத் திருப்பி அனுப்பீரலாங்ப்பா, எடுத்துக்குவாங்க." "சரி. நீ தக்காளி வாங்கு."

போனை வைத்தார். சம்பூரணம் சத்தத்தை அணைத்துவிட்டிருந்தாள். அப்படியானால் மதியங்களில் அவர் அரைத் தூக்கத்தில் கேட்டது டிவிப் பாட்டு இல்லை, டிவிப் பாட்டும் அவளும் சேர்ந்ததும் இல்லை. அவள் மட்டும். பழைய டப்பாவின் பாட்டை அவர் சரியாகக் கேட்டதே கிடையாது போலிருக்கிறது, அது மெதுவாக ஓடியதா வேகமாக ஓடியதா என்று அவருக்கு எப்படித் தெரியும். நடந்துபோகிற நடை அவளுடைய நடை. செருப்பைச் சரிசெய்ய நிற்கிற இடத்தில் கரடி தண்ணீரைத் தாண்டியிருக்கும், அவள் மூச்சைப் பிடித்திருப்பாள். எந்தக் கடையில் எந்தப் பழைய டப்பாவைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தாலும், அது புதுசோ நகலோ அசலோ, அதற்குள் இது இருந்திருக்காது. எழுந்து ஒயரை மறுபடி செருகினார். கரடி வந்தது, கீச்சுப் பாட்டு வந்தது. டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க அணைத்தார். மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. கரடி கரை ஓரத்தில் நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆட வேண்டும் என்று தோன்றவில்லை. ஜாய்ஸ்டிக்கை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனார், கதவைச் சாத்தாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார், பஸ் ஓட்டின காலத்தில் படுப்பதுபோல ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து. முதலில் கீச்சுப் பாட்டு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டார். வெளியே ஒரு மொபெட் போனது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. கீச்சுப் பாட்டு தேய்ந்து, மின்விசிறிக்குள் போய், இல்லாமலாகி, கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, பிறகு அந்தப் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி, மூக்கால், அவசரமில்லாமல், ஆரம்பித்தது. அவர் அசையவில்லை. முதல் வரி நடந்து வந்தது. இரண்டாவது வரி. நின்றது, மூச்சைப் பிடித்தது, தாண்டியது. மூன்றாவது வரி பாதிக்கு வந்து, அங்கே நின்றுபோனது. மறுபடி முதலிலிருந்து விட்டுப் பார்த்தார். அதே இடத்தில் நின்றது. இன்னொருதரம் விட்டார். அதே இடம். அதற்கு மேல் என்ன வரும் என்று அவருக்குத் தெரியவில்லை, எப்போதுமே தெரிந்திருக்கவில்லை, கூப்பிட்டால் வருகிறதே என்று இத்தனை வருஷமும் இந்த அளவையேதான் முழுப் பாட்டு என்று ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மீதியை அவள் பாடாமல் இல்லை. அந்த இடம் வருவதற்குள் அவர் தினமும் தூங்கிப்போயிருந்தார். இரண்டரை வரி இருக்கிறது.